பொறுமையும் முறையீடும்

எமது சஞ்சிகைகளிலும் நினைவு மலர்களிலும் வெளியாகும் இரங்கற் கட்டுரைகளை வாசிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்கு பழக்கமானது. மறைந்தவர் நீண்ட நாள் நோயில் கிடந்தவராயின், அவர் இறுதிவரை முகம் சுளிக்காமல், ஒரு வார்த்தை முறையிடாமல் அந்த நோயைத் தாங்கினார் என்று எழுதப்பட்டிருக்கும். எழுதுபவர் அன்பினாலேயே அதனை எழுதுகிறார். வாசிக்கும் குடும்பத்தவர்களுக்கும் அது ஆறுதல் தருகிறது. ஆயினும் அந்த வாக்கியத்துக்குள் ஒரு கொள்கை மறைந்திருக்கிறது. முறையிடாமல் இருப்பதே பொறுமை. வாய் திறந்து வலி என்று சொன்னவன் பொறுமையில் ஒரு படி இறங்கியவன் என்பதே அக்கொள்கை. இது சரிதானா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 2020 ஒக்டோபரில் தொடங்கி 2021 பெப்ரவரித் தொடக்கம் வரை ஆறு சுற்றுக் கீமோ சிகிச்சை எனக்கு வழங்கப்பட்டது. நிணநீர்த் தொகுதியில் உண்டாகும் லிம்போமா என்ற புற்றுநோய். கல்முனைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீற்றரளவு பயணம் செய்து, மட்டக்களப்பில் மருந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் திரும்பி வருவேன். இருபத்தொரு நாட்களுக்கு ஒரு முறை இது நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மாதங்களில் என் உடம்பில் நடந்தவற்றை விட, "ஸப்ர்" என்ற சொல்லுக்கு என் வீட்டுக்குள் நடந்தவையே இப்போது நினைவில் அதிகம் நிற்கின்றன.

முதலில் அந்த மருந்துகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கீமோ என்றதும் ஏதோ ஒரே மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு ஏற்றியவற்றுள் வின்கிரிஸ்டின் என்ற ஒன்று நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் பக்கத்தில் பட்டிப்பூ என்போம். சிங்கள மக்கள் அதனை மினிமல், அதாவது பிணப்பூ என்கிறார்கள். டொக்சோருபிசின் என்ற இன்னொன்று மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. சர்பத் போன்று சிவந்த நிறம். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்து போகும். சைக்ளோபொஸ்பமைட் என்ற மூன்றாவது, முதலாம் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட கடுகு வாயுவின் உறவுக்காரன். பூவும் மண்ணும் போர்க்கருவியும் சேர்ந்து ஒரு மனிதனின் நரம்புக்குள் இறங்குகின்றன. மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழியைச் சிறு வயது முதல் கேட்டு வந்தவன் நான். மையவாடி ஓரத்தில் ஆடும் தீண்டாத பூவுக்குள்ளும் அவன் மருந்தை வைத்திருக்கிறான் என்பது கையில் ஊசியோடு கிடந்தபோதுதான் உறைத்தது. மருந்து எடுப்பது தவக்குலுக்கு முரணல்ல என்று எமது அறிஞர்கள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். அதனை இங்கு நீட்டத் தேவையில்லை.

இம்மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களைத் தேடி அழிப்பவை. புற்றுநோய்க் கலமும் வேகமாகப் பெருகும். மயிர்க்காலும் வாயின் உட்தோலும் என்பு மச்சையும் அப்படித்தான். ஆகவே மருந்து நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது. முதற் சுற்று முடிந்து மூன்றாம் வாரத்தில் தலைமயிர் தலையணையில் கிடந்தது. தாடியும் போயிற்று. வாய்க்குள் புண். விரல் நுனிகள் மரத்து, சட்டைப் பொத்தானைப் போட இயலாமற் போனது. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்குழியங்கள் குறைந்து, ஒரு சிறு காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தாகும் காலம். 38 பாகையைத் தொட்டால் இரவானாலும் பகலானாலும் உடனே வர வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அது கொரோனாக் காலம் என்பதால் சுகம் விசாரிக்க ஆட்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் தொலைபேசி ஓயவில்லை. வட்ஸ்அப்பில் குரற்பதிவுகள் வந்து குவிந்தன. மாணவர்கள், சக ஆசிரியர்கள், எழுத்து நண்பர்கள், உறவினர் என்று எல்லோரும் துஆச் செய்தார்கள். அந்தத் துஆக்களின் பெறுமதியை நான் அறிவேன். எனினும் பெரும்பாலான பேச்சுக்கள் ஒரே இடத்தில் வந்து முடிந்தன. "எப்படி இருக்கிறீங்க?" என்பார்கள். "வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடிக்கவும் எரியுது" என்று நான் தொடங்குவேன். "ஸப்ர் செய்யுங்க ஸேர், அல்லாஹ் நேசிக்கிறவங்களத்தான் சோதிப்பான்" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு பேச எதுவும் மிஞ்சுவதில்லை என்பதுதான் அதிலுள்ள கஷ்டம். வலியைச் சொல்லத் தொடங்கியவனின் வாயில் மிக அழகான ஒரு சொல் வந்து மூடியாக அமர்ந்துகொள்கிறது. சொன்னவருக்கு அச்சம், தொடர்ந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாத அச்சம். கேட்டவனுக்கோ, இனிப் பேசினால் ஈமான் குறைந்தவனாகத் தெரிவோமோ என்ற கூச்சம். இருவரும் பேசாதிருப்பதற்கு ஸப்ர் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அல்குர்ஆன் பொறுமைக்கு முன்மாதிரியாகக் காட்டும் இரு நபிமார்களைப் பார்ப்போம்.

ஐயூப் (அலை) அவர்களின் பெயர் எமது பேச்சு வழக்கில் பொறுமைக்கு மறுபெயர். அவர்கள் மௌனமாகவா இருந்தார்கள்? ஸூரத்துல் அன்பியாவில் அவர்கள் தமது இறைவனை அழைத்து, தமக்குத் துன்பம் நேர்ந்திருப்பதை வாய் திறந்து சொல்கிறார்கள். ஸூரத்து ஸாதில் அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்று புகழ்கிறான். முறையிட்ட அதே வாய்க்குச் சொந்தக்காரருக்கே அந்தப் பட்டம் கிடைத்தது. யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையையே மேற்கொள்வேன் என்றவர்கள். அவர்களே மகனை நினைத்து அழுதழுது கண்கள் வெளுத்துப் போனவர்கள். பெற்ற பிள்ளைகள் அவர்களைக் கடிந்துகொள்கிறார்கள். இப்படியே நினைத்து நினைத்து அழிந்து போவீர்களே என்கிறார்கள். அதற்கு அந்த நபி தாம் அழவில்லை என்று மறுக்கவில்லை. தமது துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொல்கிறார்கள். ஆக, அழகிய பொறுமையும் வெளுத்த கண்களும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கின்றன.

அல்லாஹ்விடம் முறையிடலாம், மனிதரிடம் கூடாது என்று இதற்குப் பதில் சொல்லப்படுவதுண்டு. இது கனமான பதில். எளிதில் தள்ளிவிட முடியாது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் நோயில் முனகிக்கொண்டிருந்தபோது, தாவூஸ் (ரஹ்) அவர்கள் நோயாளி முனகுவதை விரும்பவில்லை என்ற செய்தி சொல்லப்பட, அதன் பின் மரணம் வரை முனகவே இல்லை என்று வரலாறு கூறுகிறது. அந்த நிலைக்கு முன்னால் நாம் தலை குனியத்தான் வேண்டும். ஆனால் இதுவே எல்லோருக்குமான சட்டம் என்று கொள்ள முடியாதபடி வேறு செய்திகளும் இருக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் கடுங்காய்ச்சலில் இருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அருகில் சென்று, உங்களுக்குக் காய்ச்சல் கடுமையாக இருக்கிறதே என்கிறார்கள். ஆம், உங்களில் இரண்டு பேருக்கு வருமளவு எனக்கு வருகிறது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தலைவலியால் அரற்றியபோது, இல்லை, என் தலைதான் வலிக்கிறது என்று நபியவர்களும் சொன்னார்கள். நோயாளி தனக்கு வலிக்கிறது என்று சொல்வதற்கு அனுமதி உண்டு என்பதற்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பில் ஒரு தனித் தலைப்பே வைத்திருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில், தவக்குல் பற்றிய பகுதியின் இறுதியில் நோயை வெளிப்படுத்துவதும் மறைப்பதும் பற்றிய ஆய்வு ஒன்று வருகிறது. அங்கு அலீ (ரழி) அவர்களைப் பற்றிய ஒரு சம்பவம் எடுத்தாளப்படுகிறது. நோயுற்றிருந்த அவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, மோசமாக இருக்கிறேன் என்று பதில் வந்தது. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரரான அலீ முறையிடுகிறாரே என்ற திகைப்பு. அல்லாஹ்வின் முன்னால் நான் வீரம் காட்டுவதா என்று அலீ (ரழி) அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். எமது இரங்கற் கட்டுரைகள் புகழும் அந்த முகம் சுளிக்காமைக்குள் சில வேளை இந்த வீரம்தான் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தன் பலவீனத்தை ஒப்புக்கொள்வது அடிமையின் குணம். பலவீனமே இல்லாதவனாகக் காட்டிக்கொள்வது வேறு எதனுடையதோ குணம்.

எமது இலக்கியத்துக்கும் இது புதிதன்று. முனாஜாத்து என்ற வடிவத்தைத் தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். அந்தரங்கமாகப் பேசுதல் என்ற பொருளுடைய அச்சொல்லின் கீழ் அவர்கள் நோயையும் வறுமையையும் பாவத்தின் பாரத்தையும் இறைவன் முன் விரித்து வைத்தார்கள். கிழக்கிலங்கையில் எமது பெண்களின் வாய்மொழிக் கவிகளில் முறையீடு இல்லாத பகுதி சொற்பமே. முறையிடத் தெரிந்த ஒரு சமூகத்தின் எழுத்தாளர்கள், நோய் என்று வந்ததும் ஏன் ஊமைகளையே வீரர்களாக எழுதுகிறோம்?

இனி மனிதரிடம் முறையிடுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில்தான் ஒழுக்கம் சார்ந்த சிக்கல் இருக்கிறது. கடவுளிடம் சொல்வதால் கடவுளுக்குப் பாரம் கூடுவதில்லை. மனைவியிடம் சொன்னால் மனைவிக்குக் கூடும்.

எங்கள் பிரதேச வழக்கப்படி, மணம் முடித்த நாள் முதல் நான் மனைவியின் வீட்டிலேயே வாழ்ந்து வருகிறேன். இருபத்தெட்டு வருடம் நான் அந்த வீட்டின் மாப்பிள்ளை. மீனின் நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை தூங்கினால் வீட்டில் சத்தம் கூடாது. என் முன்னால் மாமி முக்காடு விலகி ஒரு நாளும் நின்றதில்லை. அந்த மாமி, எழுபத்தாறு வயதில், நான் வாந்தியெடுத்த பாத்திரத்தைக் கழுவினார். குளியலறைக்கு என்னை நடத்திச் செல்ல மச்சான் வந்தார். மகள் என் மாத்திரைகளுக்கு அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மனைவி இரவில் தூங்கவில்லை. கொடுத்தே பழகிய ஒருவனுக்கு வாங்குவது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரிந்தது. இவர்களிடம் இதற்கு மேலும் என் வலியைச் சொல்வது நியாயமா? சொல்லாமல் விடுவதே அன்பு என்று மனம் வாதாடியது. அவர்களும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வீடு மிக அமைதியாக இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஸப்ருள்ள குடும்பம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த அமைதிக்குள் ஓர் அச்சம் இருந்தது. அதனைச் சொல்ல அன்றைய நாட்டு நிலையை நினைவுபடுத்த வேண்டும். 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் மரணித்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா முதன்முதலாக எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இது தொடர்ந்தது. டிசம்பரில் பிறந்து இருபது நாட்களேயான ஒரு சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துக்கத்தைத் தெரிவித்தார்கள். 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. என் ஆறு சுற்று மருந்தும் இந்தத் தகனக் காலத்துக்குள்தான் தொடங்கி முடிந்தன. வெண்குழியங்கள் குறைந்த ஒருவனுக்குக் கொரோனா வந்தால் என்னவாகும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

நான்காம் சுற்று முடிந்த பத்தாம் நாள் இரவு, வெப்பமானி 38.4 காட்டியது. சிசுவின் செய்தி வந்து பத்து நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. மச்சான் வேனுக்குப் போயிருந்தார். மனைவி உடுப்புகளைப் பையில் அடுக்கினார்; அடுக்கியவற்றை வெளியில் எடுத்து மீண்டும் அடுக்கினார். பிறகு கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இஞ்சாருங்க, மௌத்துக்கு எனக்குப் பயமில்ல. அது அல்லாஹ்ட கையில. காய்ச்சலோட போறீங்க... கொரோனா எண்டு சொல்லி உங்கள நெருப்பில போட்டுருவாங்களோ எண்டுதான் எனக்குப் பயம்."

"எனக்கும் அதுதான் பயம்" என்றேன்.

இரண்டு மாதமாக ஒரே கட்டிலில் இருவரும் தனித்தனியே சுமந்த அச்சம் அது. இருவரும் அழுதோம். திரைச்சீலைக்கு அப்பால் மாமி விழித்திருந்திருக்கிறார். அங்கிருந்தே அவர் பேசினார்: "மகன், முன்ன ஒரு மனுஷன் அல்லாஹ்க்குப் பயந்து, தன்ன எரிச்சுச் சாம்பலக் காத்துல பறக்க விடச் சொல்லி மக்கள்ட்ட வஸிய்யத்துச் செஞ்சானாம். அல்லாஹ் அந்தச் சாம்பலயும் கூட்டியெடுத்து அவன மன்னிச்சானாம். வஅழ்ல கேட்டிருக்கன். காத்துல போன சாம்பலக் கூட்டினவன் எங்கட புள்ளய விட்டுருவானா?"

மாமி பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரல்ல. அவர் சொன்னது புகாரியில் வரும் ஹதீஸ். அதனை அவர் தகனத்தை நியாயப்படுத்தச் சொல்லவில்லை; அநியாயம் அநியாயமாகவே இருந்தது. எம் உடம்பின் மீது மனிதர் செய்யக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் அவர்கள் கை எட்டாது என்பதைத்தான் அவர் சொன்னார். வேன் வந்தது. மட்டக்களப்பு வரை அச்சம் என்னோடு வந்தது. ஆனால் அதனை மூன்று பேர் சுமந்தோம். பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. ஊசி மருந்துகளோடு ஐந்து நாள் வார்டில் கிடந்து வீடு திரும்பினேன்.

அந்த இரவிலிருந்து நான் கற்றது இதுதான். மனைவி தன் அச்சத்தை என்னிடம் சொன்னது பொறுமையின் முறிவல்ல. எங்கள் பொறுமை உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் இருந்தது ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு ஒருவரையொருவர் தனியே விட்ட நிலை. பொறுமை என்பது தனியொரு மனிதன் தன் நெஞ்சுக்குள் பூட்டி வைக்கும் சொத்து என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். ஸூரத்துல் அஸ்ரில் அது ஒருவருக்கொருவர் உபதேசித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே சொல்லப்படுகிறது. அதிலும் உண்மைக்கு அடுத்தபடியாகத்தான் பொறுமை வருகிறது. ஒருவருக்கொருவர் உண்மை பேசாதவர்களிடையே பொறுமை எவ்வாறு பரிமாறப்படும்?

ஆயினும் சொல்வதற்கும் கொட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. என் சிகிச்சையில் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாட்கள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை விழுங்க வேண்டும். அந்நாட்களில் தூக்கம் வராது. காரணமின்றிக் கோபம் வரும். இது மருந்தின் குணம் என்று வைத்தியரே முன்கூட்டிச் சொன்னார். நோயாளியின் கோபம் வைத்தியர் மீது பாயாது, தாதி மீதும் பாயாது. மிக அருகில் இருப்பவர் மீதுதான் பாயும்; அவர் போய்விடமாட்டார் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

இங்கும் ஐயூப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அதனை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு பிடி புல்லை எடுத்து அடிக்குமாறும், சத்தியத்தை முறிக்க வேண்டாம் என்றும் அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டதாக ஸூரத்து ஸாதில் வருகிறது. நோயிலிருந்த காலத்தில் ஏதோவொரு கோபத்தில், சுகமானதும் மனைவியை அடிப்பதாக அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள் என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் தருகிறார்கள். அந்த மனைவியோ, எல்லோரும் விலகிய பின்னும் கணவரை விட்டு நீங்காமல் பணிவிடை செய்தவர் என்பதும் அவர்கள் சொல்வதே. சத்தியமும் முறியக் கூடாது, அந்தப் பெண்ணுக்கும் நோகக் கூடாது என்று அல்லாஹ் ஒரு பிடி புல்லைக் காட்டிக் கொடுக்கிறான். பொறுமையாளர் என்ற புகழும் அதே வசனத்தில்தான் வருகிறது. நோயாளியைப் புகழும் இடத்திலேயே பணிவிடை செய்தவரையும் பாதுகாக்கும் இந்த நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. நோயாளிக்கு முறையிட உரிமை உண்டு. ஆனால் அவனது முறையீடு அருகிலிருப்பவர் மீது விழும்போது புல்லின் கனத்தில் விழ வேண்டும். எனக்கு வலிக்கிறது என்பது செய்தி. உன்னால்தான் எல்லாம் என்பது அடி.

பணிவிடை செய்பவருக்கும் முறையிட உரிமை உண்டு என்பது இதன் மறுபக்கம். கீமோ எடுப்பவனின் பொறுமையை ஊரே புகழ்கிறது. அவன் பாத்திரத்தைக் கழுவுபவளின் பொறுமை, பொறுமையாகவே கணக்கெடுக்கப்படுவதில்லை. அது கடமை என்று பேர் பெறுகிறது. எனக்குத் தொலைபேசியில் பேசிய நூற்றுக்கணக்கானோரில், நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று என் மனைவியிடம் கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எமது சிறுகதைகளிலும் இந்தப் பெண் வருகிறாள். கதவோரத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்பாள். கதை நோயாளியைப் பற்றியதாக இருக்கும்.

ஈமான் என்னைச் சுகப்படுத்தியது என்று எழுத நான் தயங்குகிறேன். என் பக்கத்துக் கதிரையில் மருந்து ஏற்றிக்கொண்ட ஒருவர், என்னை விடப் பேணுதலானவர், தஸ்பீஹ் மணி கையிலிருந்து நீங்காதவர். ஐந்தாம் சுற்றுக்கு அவர் வரவில்லை. அவருடைய துஆ ஏற்கப்படவில்லை, என்னுடையது ஏற்கப்பட்டது என்று சொல்ல எனக்கு என்ன அறிவு இருக்கிறது? அவரது குடும்பத்தின் அன்பு எங்கள் குடும்பத்தினதை விடக் குறைந்ததாக இருந்ததென்று எவ்வாறு சொல்வேன்? சுகம் என்பது நன்மார்க்கத்துக்கான பரிசு என்றால், சுகமாகாதவர்களுக்கு நாம் என்ன தீர்ப்பு எழுதுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். நோய் தண்டனையா சோதனையா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். அதற்கும் இதுவே என் பதில். என்னைப் பற்றி நான் அஞ்சிக்கொள்ளலாம். இன்னொருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

ஈமான் எனக்கு வேறொன்றைத் தந்தது. இயலாமையோடு வாழ ஒரு முறையைத் தந்தது. நிற்க இயலாவிட்டால் அமர்ந்து தொழலாம். அமர இயலாவிட்டால் படுத்துத் தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் செய்யலாம். நோயாளி நோன்பை வேறு நாட்களில் பிடிக்கலாம். அதற்கும் இயலாதவருக்குப் பித்யா உண்டு. 2021 ஏப்ரலில் றமழான் வந்தபோது சிகிச்சை முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. வைத்தியர் நோன்பு வேண்டாம் என்றார். வீட்டார் நோன்பு பிடித்திருக்க, நண்பகலில் மாமி எனக்குக் கஞ்சி கொண்டு வந்து வைத்தார். ஐம்பது வருடமாக றமழான் பகலில் எதுவும் உண்டறியாதவனுக்கு அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. "அல்லாஹ் தந்த சலுகை மகன், வேணாம் எண்டு சொல்லக்கூடாது" என்றார் மாமி. குடித்தேன். மார்க்கம் தந்த சலுகைகள் ஒவ்வொன்றும் மனிதன் பலவீனன் என்பதை ஏற்றுக்கொண்டு வகுக்கப்பட்டவை. இயலாது என்ற சொல்லைச் சட்டத்துக்குள்ளேயே இடம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு மார்க்கம், அதே சொல்லை நோயாளியின் வாயிலிருந்து கேட்க மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே என் முடிவு இது. ஸப்ர் என்பது இறைவன் மீது வைத்த நம்பிக்கையைக் கைவிடாமல் இருப்பது. சிகிச்சையை நடுவில் விடாமல் இருப்பது. அருகிலிருப்பவரை நோகடிக்காமல் இருப்பது. வலியை இல்லையென்று சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இமாம் அஹ்மத் போன்ற சிலர் முனகலையும் அடக்கும் உயரத்தை அடையலாம். அது அவர்கள் தாமாக ஏறிய படி. கட்டிலில் கிடக்கும் எளியவனை அந்தப் படியில் ஏறு என்று கீழிருந்து தள்ளுவது எம் வேலையன்று.

சுகம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றச் செல்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஸப்ர் செய்யுங்கள் என்று சொல்வதற்கு முன், நேற்றிரவு எப்படிக் கழிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் சொல்லி முடிக்கும் வரை இருங்கள். பதில் தெரியவில்லையென்றால் பதில் சொல்லாமலே இருங்கள். பிறகு துஆச் செய்யுங்கள். எழுந்து வரும்போது, கதவோரத்தில் நிற்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.